நானூற்று எண்பது கிராம்

பிரசவ வகுப்பில் அவளை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அவள் கணவனைத் தெரியாதவர் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், பாய் விரித்த நீள அறையில், எட்டு கர்ப்பிணிகளும் எட்டு துணைகளும் உட்கார்ந்திருப்பார்கள். துணைகளில் ஏழு பேர் பல் பிடுங்க வந்தவர்களைப் போல மூஞ்சியை வைத்துக்கொண்டிருப்பார்கள். எட்டாவது ஆள் இவன். மூச்சை இழுத்து விடச் சொன்னால் மனைவியை முந்திக்கொண்டு இழுத்து விடுவான். ரப்பர் பொம்மைக்கு டயப்பர் மாட்டச் சொன்னால் தலையில் மாட்டிவிட்டு, இது எந்தப் பக்கம் நனையும் என்று டீச்சரிடம் சந்தேகம் கேட்பான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். மற்ற ஏழு மனைவிமாரும் தங்கள் கணவன்மாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது யாராவது ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "நீங்க குடுத்து வெச்சவங்க" என்று சொல்லாமல் இருந்ததில்லை. அவளும் கன்னம் வலிக்கச் சிரித்து வைப்பாள்.

உள்ளதைச் சொன்னால், அவனைக் குறை சொல்ல வாய் வராது. குனிய முடியாத மாதங்களில் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டது அவன். துணி துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்தது அவன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையை ஏழாம் மாதமே கட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி, கடைசி வரியில் 'கணவன் - ஒன்று' என்று சேர்த்திருந்தான். கால் வீங்கினால் பிடித்துவிடுவான், பிடித்துவிட்டபடியே அந்தக் காலோடு பேசுவான், காலும் பதில் சொல்லும், இரண்டு குரலும் அவனுடையதுதான். இப்படி ஒருவனைப் பற்றி எங்கே போய்ப் புகார் சொல்வது?

புகார் கேட்பதே அவன் பிழைப்பு. துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் தொலைபேசியில் உட்கார்ந்து, இயந்திரம் நின்றுபோனவர்களின் வசவைக் காதில் வாங்குகிறவன். கொதித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறவர் சிரித்துக்கொண்டு போனை வைக்கும்படி செய்வான். அதனால் ஆபீஸில் அவனுக்கு ஐஸ் என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு அவனே பாடம் எடுப்பான். முதலில் அவர் சொல்வதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் சிரிக்க வைக்க வேண்டும். கடைசியில் ஒரு நேரம் சொல்ல வேண்டும். 'நாளைக்கு ஆள் வருவார்' என்றால் எவனும் நம்பமாட்டான், 'நாளைக்குப் பதினொன்றே காலுக்கு வருவார்' என்றால் போனை வைத்துவிடுவான். அந்த ஆள் பதினொன்றே காலுக்கு வருவாரா என்பது வேறு டிபார்ட்மெண்ட்.

அவள் வேலை இதற்கு நேர் எதிர். கடைகளில் இருந்து வரும் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் பரிசோதகர். வெல்வெட் பதித்த பெட்டியில் பித்தளை எடைக்கற்கள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கையால் தொடக்கூடாது, விரலின் பிசுக்கு ஒட்டினாலும் எடை மாறும் என்று இடுக்கியால்தான் எடுப்பாள். ஒவ்வொரு தராசையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். முள் சரியாக நிற்காவிட்டால் கடைக்காரர் காலில் விழுந்தாலும் முத்திரை கிடைக்காது. பார்க்காமல் முத்திரை குத்தியவர் ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்தார், அவரோடு அவள் மூன்று வருடமாகப் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவன் வீட்டில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவான்.

வகுப்பின் முதல் நாளில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் இது எத்தனையாவது பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் முறை வந்தபோது வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"முதல் படம் டீச்சர். ஹீரோ புதுமுகம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். இது முதலாவது இல்லை, இரண்டாவது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐந்தரை மாதத்தில், இதே ஆஸ்பத்திரியில்தான் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். அவள் கண் விழித்தபோது சாயங்கால வெயில் ஜன்னல் திரையில் இருந்தது, அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். குழந்தை எங்கே என்று கேட்டாள். உடனே கொண்டுபோய்விட்டார்கள், இங்கே அதுதான் ரூல், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லையாம் என்றான். பிறகு கட்டிலை உயர்த்தும் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்து, தலையை உயர்த்தப் போய்க் காலை உயர்த்திவிட்டு, ஏதோ சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த அன்றைக்கே சிரித்ததை அவள் இன்றுவரை தனக்கே மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எப்போது எடுத்தாலும் அவன் தோளை அணைத்து, ஆமாம் ஆமாம் என்று கேட்டு, இரண்டாவது நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவான். சிரித்து முடித்த பிறகு அழுகை எங்கே வரும்? அது உள்ளேயே கிடந்து கனத்தது.

இப்போது ஒரு படிவம் அவள் கைப்பையில் மூன்று வாரமாகக் கிடந்தது. பிரசவ அறைக்குள் துணையாக ஒருவர்தான் வரலாம். யார் என்று எழுதி எட்டாம் மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். அவன் பெயரை எழுதக் கை வரவில்லை. அவனுடைய அக்காவை, அதாவது அவளுடைய நாத்தனாரை, எழுதலாமா என்று யோசித்து, வர முடியுமா என்று அவளிடம் கேட்டும் வைத்திருந்தாள். நாத்தனார் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். கண்டதைக் கண்டபடி சொல்லும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. இந்தத் தடவை நல்லதோ கெட்டதோ, நடப்பது தனக்குத் தெரிய வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

நான்காவது வாரம் டீச்சர் எல்லோரையும் பிரசவ வார்டைச் சுற்றிக் காட்ட அனுப்பினார். கெட்டிக் கண்ணாடி போட்ட மூத்த நர்ஸ் ஒருவர் முன்னால் நடந்தார். வலி வந்தால் எந்த வாசல், எந்த லிஃப்ட், குழந்தையை எடை போடும் மேஜை எது என்று காட்டிக்கொண்டே வந்தார். எடை மேஜை வந்ததும் அவள் தன்னையறியாமல் குனிந்து முத்திரையைப் பார்த்தாள். பின்னால் இருந்து அவன், "என் சம்சாரம் ரெய்டுக்கு வந்திருக்காங்க, கணக்கெல்லாம் சரியா வெச்சுக்குங்க சிஸ்டர்" என்றான். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நடையின் கோடியில் ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, மேஜையில் விளக்கு. வேறொன்றும் இல்லை. இது எதற்கு என்று ஒரு கர்ப்பிணி கேட்டாள். நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். பிறகு, குழந்தை தங்காமல் போய்விட்டால் தாய் அதைப் பார்ப்பதற்கு, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்வதற்கு என்றார். எட்டு வருடமாக இந்த வழக்கம் இங்கே இருக்கிறது என்றார்.

"அஞ்சு மாசம், ஆறு மாசத்துல போனாலும் இங்க கொண்டு வருவீங்களா?" அவள் கேட்டாள். தன் குரலே எங்கிருந்தோ வருவதுபோலக் கேட்டது.

"எத்தனை மாசமா இருந்தாலும் கேக்காம நாங்க எதுவும் செய்யறதில்லம்மா. தாயைக் கேப்போம். அவங்க மயக்கத்துல இருந்தா கூட வந்தவங்களைக் கேப்போம். வேண்டாம்னா கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. போட்டாச்சுன்னா மறுபடி கேட்டுப் புண்ணைக் கிளற மாட்டோம்."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அது ஒரு நொடிதான். அடுத்த நொடியில், "சிஸ்டர், இதையெல்லாம் காட்டினீங்க, கேன்டீன் எங்கன்னு காட்டலையே, பெத்துக்கப்போறவங்களைவிட கூட வர்றவங்களுக்குத்தான் பசிக்கும்" என்றான். கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது. அவள் மட்டும் அந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழந்தைக்காக வாங்கிய துணிகளை அவன் கட்டிலில் பரப்பி மடிக்க ஆரம்பித்தான். அவள் அறை வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

அவன் ஒரு காலுறையை எடுத்து விரலில் மாட்டி, காலுறையின் குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் போய் அதை அவன் விரலில் இருந்து உருவினாள். அவன் வாயடைத்துப்போனான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. பிறகு ஆமாம் என்று தலையசைத்தான். நீ தாங்கமாட்டாய் என்று பயந்துதான் செய்தேன் என்றான். ரூல் என்று சொன்னது பொய்தான் என்றான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருடத்து அழுகை. அவன் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்திருந்தான். அழுகைக்கு நடுவே அவள் கேட்டாள்.

"நீங்களாவது பாத்தீங்களா? அதையாவது சொல்லுங்க."

"பாத்தேன்" என்றான்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். பெண் குழந்தை. நெற்றிக்கு மேல் கொஞ்சம் முடி இருந்தது. ஒரு கை மூடி இருந்தது, இன்னொரு கை திறந்து இருந்தது. எடை எவ்வளவு என்று அவள் கேட்டாள், அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியாது. நானூற்று எண்பது கிராம் என்றான். மூக்கு உன்னுடையது என்றான். சொல்லும்போது அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதுவும் அவள் முதல் தடவையாகப் பார்ப்பது. அவள் அவன் தோளில் சாய்ந்து, எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னான். ஒரு வார்த்தை மாறவில்லை.

தராசில் கால் கிராம் கூடினால் கடைக்காரரைத் திருப்பி அனுப்புகிறவள், அன்றைக்கு ஒன்றையும் சரிபார்க்காமல் முத்திரை குத்திவிட்டாள். அன்று சாயங்காலமே படிவத்தை எடுத்து, துணை என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினாள். இத்தனை நாள் தன் துக்கத்துக்குப் பக்கத்தில் ஆளில்லை என்று நினைத்திருந்தாள். அவனோ அதைத் தனியாகச் சுமந்துகொண்டு சிரித்துத் திரிந்திருக்கிறான் என்று அவன்மேல் இரக்கம் பொங்கியது. நாத்தனாருக்குப் போன் செய்து, நீங்கள் வர வேண்டாம் அண்ணி, அவரே வருகிறார் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னாள்.

"அவன் பாத்தானா?" என்றாள் நாத்தனார். "எங்கப்பா போனப்ப வீட்டுக்குள்ளயே வரலை அவன். தெருமுனையில நின்னு வர்றவங்ககிட்டல்லாம் கதை பேசிக்கிட்டிருந்தான்." பிறகு அவளே, "சரி விடும்மா. சொந்தப் பிள்ளைன்னா வேறதானே" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஆறு வாரங்களைப் போல ஒரு நிம்மதி அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. அவளுக்கு ஒரு மூத்த மகள் இருந்தாள். மூத்தவளுக்கு முடி உண்டு, மூக்கு உண்டு, எடை உண்டு. அலுவலகத்துக்கு நடக்கும்போது வயிற்றைத் தடவி, உன் அக்காவுக்கு ஒரு கை மூடியே இருக்குமாம், நீ எப்படி என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அது பழகிவிட்டது. சாலை கடக்க நிற்கும்போதும், தராசின் முள் அமைதியாவதற்குக் காத்திருக்கும்போதும் மூத்தவள் கூடவே இருந்தாள்.

ஒருநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு அவள் எடைக்கல் பெட்டியைத் திறந்தாள். இருநூறு கிராம் கல் இரண்டு, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று. இடுக்கியை எடுக்கவில்லை. தன் கைக்குட்டையில் ஐந்தையும் வைத்து முடிந்து, உள்ளங்கையில் ஏந்தினாள். இவ்வளவுதான் இருந்திருக்கிறாள். பித்தளை முதலில் சில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் கையின் சூடு ஏறியது. மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். நடையில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக அவிழ்த்து, ஒவ்வொரு கல்லையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாவது மதியச் சாப்பாட்டுக்கு அவள் தாமதமாகத்தான் போனாள். வேலையில் சேர்ந்து ஒன்பது வருடத்தில் அவள் செய்த ஒரே முறைகேடு அது.

வலி ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, தராசுகளின் நடுவில் வந்தது. அவன் பத்து நிமிடத்தில் காரோடு வந்து நின்றான். பை இருந்தது, அட்டை இருந்தது, தண்ணீர் இருந்தது. வழி முழுக்க வகுப்பில் சொன்னபடி மூச்சை எண்ணிக்கொண்டு வந்தான். சிக்னலில் பக்கத்துக் காரைப் பார்த்து அவன் முகத்தைக் கோணியதில் வலியோடு வலியாக அவளும் சிரித்தாள். அந்த அரை மணி நேரம் அவனைவிட நல்ல புருஷன் உலகத்தில் இல்லை.

வார்டின் மேஜையில் அதே கெட்டிக் கண்ணாடி நர்ஸ்தான் இருந்தார். அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தார். அவன் நாற்காலி தள்ளும் ஆளிடம், இதற்கு லைசென்ஸ் வேண்டுமா, நானே ஓட்டலாமா என்று வம்பளந்துகொண்டிருந்தான். இதற்கு முன்னால் பிரசவம் உண்டா என்று நர்ஸ் கேட்டார். வகுப்பில் திறந்த வாயை மூடிக்கொண்டவள் இங்கே மூடவில்லை. ஒரு வலி இறங்கி முடியும்வரை பொறுத்திருந்து, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

"இருக்கு சிஸ்டர். இருபத்திரண்டு வாரம். பொண்ணு. நானூத்தி எண்பது கிராம்."

நர்ஸ் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இல்லையேம்மா. இங்க ஆண் குழந்தைன்னு இருக்கு. முந்நூத்தி எழுபது."

வேறு யாருடைய ஃபைலாவது இருக்கும் என்று அவள் சொன்னாள். நர்ஸ் அவள் பிறந்த தேதியைப் படித்தார், வீட்டு முகவரியைப் படித்தார், முதல் பிரசவத்தின் தேதியைப் படித்தார். எல்லாம் அவளுடையதுதான். ஸ்கேன் செய்து வைத்த தாள் ஒன்றும் இருந்தது. குழந்தையைப் பார்க்க விருப்பமில்லை என்ற கட்டத்தில் குறி போட்டு, கீழே கையெழுத்து. துணையும் பார்க்கவில்லை என்று யாரோ ஒரு நர்ஸ் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். வேலையில் சுத்தமானவராக இருக்க வேண்டும்.

அவள் திரும்பினாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றான், பேச்சு எப்போது நின்றதோ தெரியாது. நாற்காலி தள்ளும் ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

வலி முற்றும்வரை காத்திருக்கும் அறையில் அவர்களைத் தனியாக விட்டுப்போனார்கள். அவனாகவே கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னான். துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்களாம். அவன் கை நீட்டவில்லையாம். சுவரைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டானாம்.

"நீ அழுதுக்கிட்டுக் கேட்டே. பாக்கலைன்னு எப்படிச் சொல்றது? உனக்கு ஏதாவது குடுக்கணும்னு இருந்துச்சு."

"நானூத்தி எண்பது?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அரைக் கிலோன்னா நீ நம்பமாட்டே."

அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. வந்தது வலியா வேறெதுவா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஆறு வாரம் கூடவே நடந்து வந்த பெண் அந்த அறையிலேயே இல்லாமல் போனாள். முடி இல்லை, மூடிய கை இல்லை, மூக்கு இல்லை. அவளுக்குப் பதிலாக எங்கோ ஒரு பையன் இருந்தான், முந்நூற்று எழுபது கிராம். அப்பா முகம் திருப்பிக்கொண்ட பையன். அம்மா வேறொருத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது ஏன் என்று கேட்க ஆளில்லாமல் கிடந்த பையன். அவனை நினைத்து அழக்கூட அவளுக்கு ஒரு அடையாளம் இல்லை. முதல் தடவை போனது பிள்ளை மட்டும்தான். இந்தத் தடவை பிள்ளையும் போய், நினைப்பும் போய்விட்டது.

"இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தானே நீ அழுதே" என்றாள். ஆறு வருடமாக 'நீங்க' என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் அவனை 'நீ' என்றாள்.

அண்ணியைக் கூப்பிடு என்றாள். அவன் உடனே போன் செய்தான். நாத்தனார் கிளம்பிவிட்டாள், ஆனால் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு மணி நேரமெல்லாம் இல்லை, இப்போதே உள்ளே போகலாம் என்றார். துணை யார் என்று கேட்டு, படிவத்தைப் பார்த்து, அவனுக்குப் பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். தனியாகப் போகப் பயமாக இருந்தது. சொல்லவில்லை.

உள்ளே அவன் ஒன்றும் தவறு செய்யவில்லை. வகுப்பில் கற்றதை ஒன்று விடாமல் செய்தான். மூச்சை எண்ணினான், நெற்றியைத் துடைத்தான், உதட்டைத் தண்ணீரால் நனைத்தான். முதலில் அவள் கட்டில் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். பிறகு வலி முற்றியபோது எது கைக்குக் கிடைத்ததோ அதைப் பிடித்தாள், அது அவன் மணிக்கட்டாக இருந்தது. நகம் பதிந்து ரத்தம் கசிந்தது, அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்ன சார், வகுப்பில் அந்தப் போடு போட்டீர்களாம், இன்றைக்கு ஒரு ஜோக்கையும் காணோமே என்று டாக்டர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை.

குழந்தை வெளியே வந்தது. அதைத் தூக்கி, அவள் பார்ப்பதற்குள் மூலையில் இருந்த மேஜைக்குக் கொண்டுபோனார்கள். கெட்டிக் கண்ணாடி நர்ஸும் இன்னொரு நர்ஸும் குனிந்து நின்றார்கள், அவர்கள் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. சத்தம் இல்லை. ஏதோ குழாய் உறிஞ்சும் ஓசை, ஏதோ உலோகம் தட்டில் விழும் ஓசை, அவ்வளவுதான். அழுகை இல்லை.

"என்ன ஆச்சு?" என்றாள். யாரும் திரும்பவில்லை. "என்ன ஆச்சு? சொல்லுங்களேன்."

அவன் நின்ற இடத்தில் இருந்து மேஜை தெரிந்தது. இந்தத் தடவை அவன் சுவரைப் பார்க்கவில்லை. ஒட்டிப்போன உதட்டோடு, கண்ணை எடுக்காமல், நேராகக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் குனிந்தான். அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"பொண்ணு. நல்லா இருக்கா. கையை ஆட்டறா."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து மூத்தவளைப் பற்றிச் சொன்னபோதும் இதே முகம்தான், இதே தண்ணீர்தான், இதே குரல்தான். இதில் எது நிஜம் என்று பார்க்க அவளிடம் ஒரு எடைக்கல்லும் இல்லை. தலையை அவனிடமிருந்து திருப்பிக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க."

அவன் இன்னும் குனிந்தபடியே இருந்தான். மேஜையில் இருந்து அந்தக் கெட்டிக் கண்ணாடி நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணு. நல்லா இருக்கா. கையை ஆட்டறா."

அவன் சொன்னதும் அதேதான், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. நர்ஸ் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.